பூங்காக் கோர்ஸ்களில் டிஸ்க் களவு: பெயர் எழுதினால் மட்டும் போதாது

வெட்டிய புல்வெளி. பளிச்சென்ற பிங்க் டிஸ்க். விழுந்த இடத்தை இரண்டு பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நடந்து போனால் டிஸ்க் இல்லை. கலிஃபோர்னியாவில் பூங்காக்களில் டிஸ்க் கோல்ஃப் (கோல்ஃப் மாதிரியே, பந்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தட்டைக் கூடைக்குள் எறியும் ஆட்டம்) ஆடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. இப்படிக் காணாமல் போனால் புதரைக் கிண்டிக்கொண்டே நிற்காதீர்கள். அநேகமாக அது யாரோ ஒருவரின் பைக்குள் போயிருக்கும்.

1975இல் டிஸ்க் கோல்ஃபின் முன்னோடி எட் ஹெட்ரிக் பாசடீனா பக்கம் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் கோர்ஸை (ஆடுகளத்தை) அமைத்ததிலிருந்து இந்த ஆட்டம் பொதுப் பூங்காவிலேயே வளர்ந்தது. பெரும்பாலான கோர்ஸ்களில் கட்டணம் இல்லை, கேட் இல்லை, காவலுக்கு ஆளும் இல்லை. நடக்க வருகிறவர்களும் நாயைக் கூட்டி வருகிறவர்களும் ஃபேர்வேயின் (டிஸ்க் பறக்கும் பாதையின்) குறுக்கே போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களில் சிலருக்கு அது யாரோ விட்டுப்போன ஃபிரிஸ்பி. அவர்களைத் திருடர் என்று சொல்ல மனம் வராது. இந்தப் பதிவு இன்னொரு வகையினரைப் பற்றியது: ஆட்டம் தெரிந்து, டிஸ்க்கின் விலையும் தெரிந்து, எண் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டும் எடுத்துப் போகிறவர்கள்.

அவர்களுக்குத் தோதானது டீயிலிருந்து (எறியத் தொடங்கும் இடத்திலிருந்து) பாஸ்கெட் (இலக்குக் கூடை) தெரியாத ஹோல்தான். ஒரு டீயிலிருந்து ஒரு பாஸ்கெட் வரை ஒரு ஹோல். மேட்டைத் தாண்டி இறங்குவது, திருப்பத்துக்குப் பிறகு நடைபாதையை ஒட்டிப் போவது, பக்கத்து ஹோலின் ஃபேர்வேயோடு முட்டுவது. எறிந்தவர் அங்கே போய்ச் சேர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். குனிந்து எடுக்க ஐந்து விநாடி போதும். இரண்டு பேருக்கு மேல் ஆடினால் ஒருவர் முதலில் எறிந்துவிட்டு முன்னே போய், எறியும் கோட்டிலிருந்து விலகி, மரத்தின் பின்னால் நிற்கட்டும். அவர் கையைத் தூக்கிய பிறகு மற்றவர்கள் எறியலாம். தனியாக ஆடுகிறீர்களா? அந்த ஹோலில் பேஸ் பிளாஸ்டிக் (மலிவு ரக) டிஸ்க்கை மட்டும் எறியுங்கள். புதிதாகவே 8 முதல் 12 டாலருக்குக் கிடைக்கிறது, அதற்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். காத்திருப்பது உயர்ரகமான பிரீமியம் பிளாஸ்டிக்குக்கு. அது கடையில் 17 முதல் 22 டாலர் வரை போகும். உற்பத்தி நின்றுபோன பழைய வார்ப்புகளோ (டிஸ்க் மாடல்களோ) சேகரிப்பவர்களிடம் 50 டாலரைத் தாண்டும். அப்படிப்பட்டதைக் குருட்டு ஹோலில் தனியாக எறிவது பர்ஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு நடக்கப் போவது மாதிரி.

பெயர் எழுதுவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வாங்கிய கையோடு அடிப்பக்கத்தில் ஷார்ப்பி மார்க்கரால் கிறுக்கிப் பையில் போட்டால் அது நிற்காது. புது டிஸ்க்கில் வார்ப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை இருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு எழுதுங்கள். எழுதிய பிறகும் ஓர் இரவு வெளியிலேயே கிடக்கட்டும். பேஸ் பிளாஸ்டிக்கில் மை உள்ளே இறங்கிவிடும், எளிதில் போகாது. கண்ணாடி போலிருக்கும் பிரீமியம் பிளாஸ்டிக்கில் மை மேலேயே நிற்கும். கைக்குப் போடும் சானிடைசரே பாதியை அழித்துவிடும், மீதியை நெயில்பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே ஒரே இடத்தில் எழுதி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அடித்தட்டின் நடுவில் ஒன்று, விளிம்பின் உட்சுவரில் ஒன்று. உட்சுவரைத் துடைக்க மறந்துபோகிறவர்கள் அதிகம். டிஸ்பர்ஸ் சாயத்தில் (பாலியெஸ்டர் துணிக்குப் போடும் சாயம்) ஊறவைத்து உங்களுக்கென்று ஒரு வடிவத்தை ஏற்றுவது அதைவிட நல்லது. சாயம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே போய்விடுவதால் அதைத் துடைத்து எடுக்க முடியாது. டிஸ்க் அடையாளம் தெரிகிற மாதிரி இருந்தால் விற்பது கஷ்டம், திருடனுக்கு அக்கறை அதில் மட்டும்தான். சாயம் போடுவது பி.டி.ஜி.ஏ. (இந்த ஆட்டத்துக்கு விதி வகுக்கும் சங்கம்) விதிக்கும் ஒத்துவரும். டிஸ்க்கில் டிராக்கர் ஒட்டுவது பொதுவாக ஒத்துவராது. விட்டம் ஒரு செ.மீ.க்கு 8.3 கிராம்தான் எடை உச்சவரம்பு. 21.1 செ.மீ. டிரைவருக்கு (தூரம் எறியும் டிஸ்க்குக்கு) அது 175 கிராம் சொச்சம். அந்த வரம்பை ஒட்டிய டிஸ்க்கின் மேல் 11 கிராம் ஏர்டேக்கை (ஆப்பிளின் டிராக்கர்) ஒட்டினால் எடை வரம்பு போய்விடும், பறப்பதும் கெட்டுவிடும். ஏர்டேக்கைப் பையின் உள்தையலுக்குள் வையுங்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. கூடவே வரும் அந்நிய டேக்கைப் பற்றி எடுத்தவரின் போனுக்கே எச்சரிக்கை போய்விடும்.

எழுதும் எண் உள்ளூர் எண்ணாக இருக்கட்டும். புதிதாகப் படிக்க வந்த நம் பிள்ளைகள் +91 எண்ணை எழுதிவைப்பதுண்டு. கண்டெடுத்த அமெரிக்கர் நல்லவராகவே இருந்தாலும் அந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்ப மாட்டார். முழுப்பெயர் வேண்டாம், முதல் பெயரோ இனிஷியலோ போதும்.

எழுதிய எண்ணை வைத்தே ஏமாற்றுவதும் நடக்கிறது. "உங்கள் டிஸ்க் என்னிடம் இருக்கிறது, நீங்கள்தானா என்று உறுதிசெய்ய ஒரு ஆறிலக்க எண் அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள்" என்று மெசேஜ் வரும். அந்த ஆறிலக்கம் கூகுள் வாய்ஸ் (கூகுளின் இணைய போன் எண் சேவை) அனுப்பிய சரிபார்ப்பு எண். சொன்னால் உங்கள் எண்ணோடு இணைத்து அவர் ஒரு வாய்ஸ் எண்ணைத் திறந்து, அதிலிருந்து வேறு ஆட்களை ஏமாற்றுவார். "தபால் செலவை முதலில் கிஃப்ட் கார்டாக அனுப்புங்கள்" என்பதும் இதே ரகம். டிஸ்க் கையில் இருக்கிறவரால் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியும். கேளுங்கள். காணவில்லை என்று அறிவிக்கும்போதும் வார்ப்பின் பெயர், நிறம், ஹோல் எண் வரை சொல்லி நிறுத்துங்கள். அடியில் எழுதிய எடையையும் விளிம்பில் உள்ள வெட்டையும் சொல்லாமல் வைத்துக்கொண்டால், உண்மையாகக் கண்டெடுத்தவர் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும். இதற்கு வசதியாக ஒவ்வொரு டிஸ்க்கையும் மேலும் கீழும் படம் எடுத்துவையுங்கள்.

கோர்ஸிலேயே சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்துக் குழுவிடம் கேட்பதுதான் முறை. ஒரே வார்ப்பு, ஒரே நிறம் என்றால் தன்னுடையது என்று நினைத்துத் தவறி எடுப்பது சகஜம். "ஒரு பிங்க் டிரைவர் இந்தப் பக்கம் விழுந்ததா, பார்த்தீர்களா?" என்று கேட்டால் நிறைய டிஸ்க் திரும்பி வருகிறது. "எடுத்தீர்களா?" என்று கேட்டால் வராது. பையைத் திறந்து காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. வாய்த்தகராறு முற்றுவதற்கு 20 டாலர் பிளாஸ்டிக் ஒரு காரணம் ஆகக்கூடாது.

"கண்டெடுத்தவனுக்கே சொந்தம்" என்று வாதாடுகிறவர்களுக்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. கலிஃபோர்னியத் தண்டனைச் சட்டம் 485ஆம் பிரிவின்படி, சொந்தக்காரரை விசாரிக்க வழி இருந்தும் நியாயமான முயற்சி செய்யாமல் கண்டெடுத்த பொருளைத் தனதாக்கிக்கொள்வது திருட்டு. போன் எண் எழுதியிருப்பதைவிட வேறு என்ன வழி வேண்டும்? ஆனால் ஒற்றை டிஸ்க்குக்காகப் போலீஸ் அலையாது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். பை முழுசாகப் போனால் கதை வேறு. இருபது டிஸ்க்கும் பையுமாகச் சேர்த்தால் 400 டாலரைத் தாண்டிவிடும். அவசரமல்லாத புகார் எண்ணிலோ இணையத்திலோ புகார் கொடுத்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 950 டாலர் வரை சிறு திருட்டுக் கணக்கில்தான் வரும், ஆனாலும் பின்னால் டிஸ்க் ஒரு கடையில் அகப்பட்டால் அந்தப் புகார் எண் இல்லாமல் பேச்சே இல்லை. கார் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்திருந்தால், கார் காப்பீட்டில் காம்ப்ரிஹென்சிவ் பகுதியும் எடுத்திருந்தால் அது கண்ணாடியைப் பார்க்கும், பையைப் பார்க்காது. பை வாடகைவீட்டுக் காப்பீட்டில் வரும். அதிலும் டிடக்டிபிள் (முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை) 500 டாலர் என்றால் கைக்கு ஒன்றும் வராது. ஆடி முடித்துப் பையை டிக்கியில் போட்டு, காரை அதே பார்க்கிங்கில் விட்டுவிட்டு அரட்டை அடிக்கப் போவதை நிறுத்தினாலே இந்தச் செலவு மிச்சம்.

திருடியது கடைசியில் பழைய டிஸ்க் விற்கும் இடத்துக்குத்தான் வந்து சேரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் முன் டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அழித்த மையின் நிழல் மங்கலாகத் தெரியும். அசிட்டோன் பட்ட இடத்தில் கண்ணாடிப் பிளாஸ்டிக் பூத்துப்போய் வெள்ளையாக இருக்கும். ஒரே ஆளிடம் பத்துப் பதினைந்து பிரீமியம் டிஸ்க், எல்லாவற்றிலும் அடிப்பக்கம் மட்டும் துடைத்த மாதிரி இருந்தால் விலகிவிடுங்கள். எண் இன்னும் படிக்க முடிகிறது என்றால் அந்த எண்ணுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்: "இதை விற்றீர்களா, தொலைத்தீர்களா?" பதில் வரும்வரை காசைக் கொடுக்காதீர்கள்.