பட்டன் தொடாமல் பிரிண்ட்: சுமத்ரா பிடிஎஃப் எதுவரை கைகொடுக்கும்?

இன்வாய்ஸ், டெலிவரி சலான், சம்பளச் சீட்டு, தினசரி ரிப்போர்ட். நாள் தவறாமல் அச்சாகும் இந்தத் தாள்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பக்கமா இரு பக்கமா என்று பார்த்து ஓகே கொடுப்பதில் யோசிக்க வேண்டியது எதுவுமே இல்லை. ஆனால் உட்காரும் ஆள் மாறினால் பேப்பர் தட்டு (டிரே) மாறும், அளவு மாறும், ஒரு காப்பி விட்டுப்போகும். விண்டோஸில் இந்த வேலையை மனிதக் கையிலிருந்து எடுத்துவிட, இலவச ஓப்பன் சோர்ஸ் பிடிஎஃப் ரீடரான சுமத்ரா பிடிஎஃப் அருமையான கருவி. அதை நம்பி ஒப்படைக்கலாம். ஆனால் எதை ஒப்படைக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இதை இன்ஸ்டால் செய்யக்கூடத் தேவையில்லை. போர்ட்டபிள் பதிப்பு ஒரே ஒரு எக்ஸ்இ ஃபைல். ஒரு ஃபோல்டரில் போட்டால் போதும். கமாண்ட் லைனில் (கட்டளையைத் தட்டச்சு செய்யும் இடத்தில்) 'பிரிண்ட்-டு' ஆப்ஷனுக்குப் பிறகு பிரிண்டர் பெயர், 'பிரிண்ட்-செட்டிங்ஸ்' ஆப்ஷனுக்குப் பிறகு விருப்பங்கள், கடைசியில் ஃபைலின் முழுப் பாதை. விண்டோ திறக்காமலே அச்சாகும், புரோகிராமும் தானே மூடிக்கொள்ளும். 'சைலன்ட்' சேர்த்தால் பிழைச் செய்திப் பெட்டியும் வராது. பிரிண்ட் கொடுத்த பிறகு விண்டோவைத் திறந்தபடியே விட்டுவிடும் பிடிஎஃப் ரீடர்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

செட்டிங்ஸ் எல்லாம் ஒரே மேற்கோள் குறிக்குள், காற்புள்ளியால் பிரித்து எழுதப்படும்: எத்தனை காப்பி, எந்தெந்தப் பக்கம், டூப்ளெக்ஸா (இரு பக்கம்) சிம்ப்ளெக்ஸா (ஒரு பக்கம்), கலரா மோனோக்ரோமா (கறுப்பு வெள்ளை), பேப்பர் அளவு, எந்தத் தட்டு. தட்டை எண்ணாலும் சொல்லலாம், பெயராலும் சொல்லலாம். எந்த எண் எந்தத் தட்டு என்பது டிரைவருக்கு டிரைவர் வேறுபடுவதால், ஒவ்வொரு தட்டிலும் வெவ்வேறு தாளை வைத்து ஒருமுறை சோதித்துக் குறித்து வையுங்கள்.

அதிகம் கவனிக்க வேண்டியது அளவு. எதுவும் சொல்லாவிட்டால் சுமத்ரா 'ஷ்ரிங்க்' முறையில் போகும். அதாவது பிரிண்டரின் அச்சிடக்கூடிய பரப்புக்குள் பக்கம் அடங்காவிட்டால் சுருக்கிவிடும். கடிதத்துக்கு இது பரவாயில்லை. பார்கோடு லேபிளுக்கும், முன்பே அச்சடித்த ஃபாரத்தின் கட்டங்களுக்குள் எழுத்து விழ வேண்டிய வேலைக்கும் இது ஆகவே ஆகாது. அங்கே கட்டாயம், அளவை மாற்றாமல் அச்சிடும் 'நோஸ்கேல்' கொடுக்க வேண்டும். சரியாக 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்ட பிடிஎஃப்-ஐ அச்சிட்டு ஸ்கேலால் அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பிரிண்டர் பெயரை விட்டுவிட்டு 'டீஃபால்ட்' பிரிண்டருக்கு அனுப்பும் வசதியும் உண்டு. அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் 10 முதல், டீஃபால்ட் பிரிண்டரைத் தானே நிர்வகிக்கும் அமைப்பு வந்துவிட்டது. அது இயங்கும் கணினியில், யாரோ கடைசியாக எதில் அச்சிட்டார்களோ அதுவே டீஃபால்ட் ஆகிவிடும். சம்பளச் சீட்டு முழுக்க வரவேற்பறை பிரிண்டரில் வந்து விழ இது ஒன்று போதும்.

குறித்த நேரத்தில் தானே இயங்கும்படி விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போடும்போதும் இதே மாதிரி ஒரு சிக்கல். கையால் ஓட்டினால் அச்சாகும்; ஷெட்யூலரில் 'யாரும் லாக்-ஆன் செய்யாவிட்டாலும் இயக்கு' என்று வைத்தால் சத்தமில்லாமல் தோற்கும். காரணம், ஒரு பயனர் கணக்கில் சேர்த்த நெட்வொர்க் பிரிண்டர் இன்னொரு கணக்குக்குத் தெரியாது. டிரைவ் எழுத்து கொடுத்து இணைத்த ஷேர் ஃபோல்டரும் அங்கே இருக்காது. பிரிண்டரை அதன் ஐபி முகவரியோடு டிசிபி/ஐபி போர்ட்டாக அந்தக் கணினியிலேயே சேர்த்து, ஃபோல்டருக்கு சர்வர் பெயரோடு முழுப் பாதை கொடுத்தால் இரண்டும் தீரும்.

ஃபோல்டரைக் கண்காணித்து, புது ஃபைல் வந்ததும் அச்சிடும் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) எழுதுபவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்வது, பாதி எழுதிய ஃபைலை எடுத்துவிடுவதில்தான். உருவாக்கும் மென்பொருள் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடித்த பிறகு பிடிஎஃப் என்று பெயர் மாற்றட்டும். விண்டோஸின் ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லில் சுமத்ராவை நேரடியாக அழைத்தால் அது முடியும்வரை ஸ்கிரிப்ட் காத்திருக்காது. 'ஸ்டார்ட்-பிராசஸ்' கட்டளையோடு 'வெயிட்' சேர்த்தால்தான் தாள்கள் வரிசை மாறாமல் வரும். பல ஆவணங்களை ஒன்றாக இணைத்து டூப்ளெக்ஸில் அனுப்புவதும் வேண்டாம். முதல் ஆவணம் மூன்று பக்கம் என்றால், அடுத்தவருடைய ஆவணம் அதன் முதுகில் தொடங்கும். ஆளுக்கு ஒரு தனி அச்சு வேலையாக (ஜாப்) அனுப்புவதே சரி.

வேர்டு, எக்செல் ஃபைல்களை சுமத்ரா தொடாது. இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரே ஆபீஸை, விண்டோ திறக்காத 'ஹெட்லெஸ்' முறையில் ஓட்டி பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்க வேண்டும். அதே கணினியில் யாராவது லிப்ரே ஆபீஸைத் திறந்து வைத்திருந்தால் இந்த மாற்றம் நடக்காமலே போகலாம். ஸ்கிரிப்ட்டுக்கென்று தனி புரொஃபைல் ஃபோல்டர் (லிப்ரே ஆபீஸ் தன் செட்டிங்ஸை வைக்கும் இடம்) கொடுங்கள். எக்செல்லில் பக்க அகலத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்கி வைக்காவிட்டால், கடைசி நெடுவரிசை (காலம்) மட்டும் தனித் தாளில் வரும்.

குறைகளில் பெரியது ஒன்று உண்டு. சுமத்ரா பக்கத்தைப் படமாக மாற்றித்தான் பிரிண்டருக்கு அனுப்புகிறது. 600 டிபிஐ-யில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) ஒரு ஏ4 பக்கம் என்றால் சுமார் 4,960க்கு 7,016 பிக்சல். முழு வண்ணத்தில், சுருக்காத நிலையில் கிட்டத்தட்ட 100 எம்பி. நூறு பக்க ரிப்போர்ட்டை நினைவகம் குறைந்த பழைய பிரிண்டருக்கு அனுப்பினால் அது திணறும். டிரைவரில் 300 டிபிஐ வைத்தால் சுமை நாலில் ஒரு பங்காகிவிடும். எழுத்து மட்டுமே உள்ள ஆவணத்துக்கு அந்தத் தரம் தாராளம். நாள் முழுக்க ஆயிரக்கணக்கான பக்கம் தள்ள வேண்டிய இடத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இன்னொன்று, பிரிண்ட் அனுமதி மறுத்துப் பூட்டிய பிடிஎஃப்-ஐ இது அச்சிடாது. 'சைலன்ட்' போட்டிருந்தால் அந்தச் செய்தியும் கண்ணில் படாது.

தாள் வெளியே வந்ததா என்பதும் சுமத்ராவுக்குத் தெரியாது. விண்டோஸின் அச்சு வரிசையான ஸ்பூலரிடம் ஒப்படைத்ததோடு அதன் வேலை முடிந்தது. அதனால் விண்டோஸ் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் பிரிண்ட்சர்வீஸின் 'ஆபரேஷனல்' லாகை (பதிவேட்டை) இயக்கி விடுங்கள். அது தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். ஒவ்வொரு அச்சுக்கும் 307 என்ற எண்ணில் பயனர், பிரிண்டர், பக்க எண்ணிக்கை பதிவாகும். ஃபைல் பெயரும் வேண்டுமென்றால் விண்டோஸ் விதிகளை அமைக்கும் குரூப் பாலிசியில் ஜாப் பெயரை லாகில் அனுமதிக்கும் விதியையும் இயக்க வேண்டும். அன்று அனுப்பிய ஃபைல்களின் எண்ணிக்கையையும் 307 பதிவுகளின் எண்ணிக்கையையும் ஸ்கிரிப்ட்டே ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் மெயில் அனுப்பட்டும். பேப்பர் தீர்ந்ததையும் சிக்கியதையும் இந்தப் பதிவு முழுமையாகப் பிடிக்காது. அதற்கு பிரிண்டரின் சொந்த வெப் பக்கத்தில் உள்ள மெயில் எச்சரிக்கையை இயக்கி வைக்க வேண்டும்.