47 வயதில் டிப்ளோமா: ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 4,000 வெள்ளி எனக்கு உதவிய விதம்

மினிமார்ட் கல்லாவில் 11 வருடம் நின்றவள் நான். இப்போது பாலர் பள்ளி ஆசிரியைக்கான பகுதிநேர டிப்ளோமா படிக்கிறேன். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு, அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திறன் பயிற்சித் திட்டத்தில் படிப்புக் கட்டணத்துக்காக 2024 மே மாதம் வந்த 4,000 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்) தைரியம் கொடுத்தது. அதற்குக் காலாவதி கிடையாது. அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக நுழைந்து, அதைப் பயன்படுத்த விண்ணப்பிக்க எனக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. ஆனால் வகுப்பு தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். என் பயிற்சி நிலையத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை, தோழி சொல்லித்தான் தப்பித்தேன்.

அப்புறம், தேர்ந்தெடுத்த முழுநேரப் படிப்புகளுக்கு மாதம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகை உண்டு. ஆனால் அது நாம் முன்பு வாங்கிய சராசரிச் சம்பளத்தில் பாதிதான். பாதியை வைத்து வாடகை எப்படிக் கட்டுவது? சரி, பகலில் வேலை, இரவில் வகுப்பு.

முதல் பருவ ரசீதில் நான் கட்ட வேண்டிய ‘மீதி: 0.00’ என்று இருந்தது. மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.