குலதெய்வம் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கிறார்களா? கொஞ்சம் நில்லுங்கள்

எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) அப்பா தாது வருசப் பஞ்சத்தில் (1876–78) சின்னப் பையனாகத் தாராபுரம் பக்கம் வந்து சேர்ந்தவர். எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் காணி (குலத்தின் உரிமை ஊர்), குலதெய்வம் எது, யாருக்கும் தெரியாது. 1912-ல் அவர் எழுதிய கிரயப் பத்திரத்தின் நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கினேன். அதில் அவருடைய தகப்பனார் பேர் இருந்தது, பூர்வீக ஊர் இல்லை. பத்து வருடத் தேடல் அதோடு நின்றது.

அந்த நேரத்தில்தான் குலவரலாறு ஆராய்கிறேன் என்று ஒருவர் வந்தார். முதல் நாள் இரண்டு மணி நேரம் பேச விட்டு, நான் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டார். முன்பணம் பத்தாயிரம். இரண்டு மாதம் கழித்து "செப்பேடு கிடைச்சிருச்சுங்க" என்று மேலும் பதினைந்தாயிரம் வாங்கிக்கொண்டு, செப்பேட்டின் போட்டோவும் பதினோரு தலைமுறைக் கொடிவழியும் கொடுத்தார். 86 வயதுப் பெரிய அத்தை அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்.

வேன் பிடித்து, பொங்கல் பானையோடு அவர் சொன்ன கோயிலுக்குப் போனோம். காங்கயத்துக்குப் பக்கம். அந்தச் சாமியைக் கும்பிடும் கூட்டத்தார், அதாவது குலத்தார், எங்களை மரியாதையாக உட்காரவைத்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். "சாலிவாகன சகாப்தம் 1710, தாது வருசம்" என்று இருந்தது. "சகாப்தத்தோட 78 கூட்டுங்க, இங்கிலீசு வருசம் 1788 வரும். அது கீலக வருசம். தாது அறுபது வருசத்துக்கு ஒருக்காத்தான் வரும். 1816-ல வந்துச்சு, அப்புறம் 1876-லதானுங்க" என்றார். பழைய செப்பேடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காதாம். இதில் ஒரு புள்ளிகூட விட்டுப்போகவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாது வருசம் என்று அந்த ஆளிடம் முதலில் சொன்னதே நான்தான். நான் சொன்ன சொல்லையே செம்பில் ஏற்றி எனக்கே விற்றிருக்கிறார். போனில் கேட்டதற்கு, ஏடு எழுதினவன் பிழை என்றார். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை.

தயவுசெய்து, தேடித் தருகிறேன் என்று வருகிறவரிடம் உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். ஒரு பேரையாவது மறைத்து வையுங்கள், அது அவருடைய தேடலில் தானாக வருகிறதா பாருங்கள். போட்டோவை நம்பாதீர்கள். செப்பேடு யார் வீட்டில், எந்தக் கோயிலில் இருக்கிறது என்று கேட்டு நேரில் போய்ப் பாருங்கள். வருசக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. முக்கியமாக, இதெல்லாம் முடியும்வரை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லாதீர்கள். பணம் போனதைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

அன்று திரும்பும்போது பானை வேனில் அத்தையின் மடியிலேயே இருந்தது. பாதி வழியில் கேட்டார்: "ஏங்கண்ணு, அப்ப இந்தச் சாமியும் நம்ம சாமி இல்லியா?"