துணி காயாத ஊரில் 33 உருப்படி

ஜெர்கின் ஜிப் சரியாகி நேற்றுதான் கைக்கு வந்தது. ரன்னர் மட்டும்தான் போயிருந்தது. மார்க்கெட் பக்கத்து டைலர் அண்ணன் புதிதாக ஒன்றைக் கோத்துக் கொடுத்தார், டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான் வாங்கினார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘நாளைக்கு வாங்கம்மா’, ‘சாயங்காலம் வாங்கம்மா’ என்று அவர் இழுத்தடித்த அத்தனை நாளும் எனக்கு வெளியே போட ஒரே ஒரு ஸ்வெட்டர்தான், அதுவும் தூறலில் நனைந்துவிட்டால் மறுநாள் காலையில் அதே ஈரத்தோடு தோளில் ஏறும். குறைந்த துணியில் வாழ்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறவளிடம் இரண்டாவது ஜெர்கின் எப்படி இருக்கும்? அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை. அதோடுதான் எழுதுகிறேன், காரம் கூடுதலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதிகள் பலருக்கும் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் கோர்ட்னி கார்வர் என்பவர் 2010-இல் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் 333’ சவால்தான் நான் எடுத்துக்கொண்டது. மூன்று மாதத்துக்கு 33 உருப்படி, துணி செருப்பு நகை எல்லாம் சேர்த்து. உள்ளாடை, தூங்கும்போது போடுவது, வீட்டுக்குள் போடுவது, கல்யாண மோதிரம் இதெல்லாம் கணக்கில் வராது. மூன்று மாதம் முடிந்தும் நான் நிறுத்தவில்லை, வருஷம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கு நம் உடைக்குக் கொஞ்சம் அநியாயம் செய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு கவுன் என்றால் ஒன்று. இங்கே ஒரு சுடிதார் என்றால் டாப், பேன்ட், துப்பட்டா என்று மூன்று. ஆறு செட் வைத்தாலே 18 போய்விட்டது. புடவைக்கு ஜாக்கெட் தனி, பாவாடை மட்டும் உள்ளாடைக் கணக்கில் தப்பிக்கிறது. கல்யாண மோதிரத்தின் இடத்தில் தாலியை வைத்துக்கொண்டேன், அதில் சண்டையில்லை. கண்ணாடி வளையல் ஒரு டஜனை ஒன்றாகத்தான் எண்ணினேன், யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். பெரிய ஓட்டை நைட்டிதான். வீட்டில் போடுவது என்பதால் கணக்கில் இல்லை, ஆனால் நைட்டிக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பால் வாங்க, கறிவேப்பிலை வாங்க, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்ற என்று பாதி குன்னூர் காலையில் தெருவில்தான் நிற்கிறது. இந்த ஓட்டை மட்டும் இல்லையென்றால் முதல் மாதமே கையைத் தூக்கியிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். துணி குறைவாக இருந்தால் அடிக்கடி துவைக்க வேண்டும். அடிக்கடி துவைத்தால் சீக்கிரம் காய வேண்டும். முதல் வரியை எல்லோரும் எழுதுகிறார்கள், இரண்டாவது வரியை ஒருவரும் எழுதுவதில்லை. கார்வர் இருந்த சால்ட் லேக் சிட்டி வறண்ட ஊர், பக்கத்திலேயே உப்புப் பாலை. அங்கே காலையில் கொடியில் போட்டால் மத்தியானம் மடித்து வைத்துவிடலாம், கொடியே தேவைப்படாமல் மெஷினிலேயே உலர்த்துகிற வீடுகளும் அந்த நாட்டில் ஏராளம். நான் இருப்பது குன்னூரில், கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரத்தில். ஆடி ஆவணியில் தென்மேற்கு மழை ஊட்டி, அவலாஞ்சிப் பக்கம் கொட்டும்போது எங்களுக்குத் தூறலும் மிஸ்ட்டும். அது ஓய்ந்து கொஞ்சம் வெயிலைப் பார்ப்பதற்குள் ஐப்பசி வந்துவிடும், வடகிழக்கு மழை குன்னூரையும் கோத்தகிரியையும் விட்டுவைக்காது.

கொட்டுகிற மழையைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது, அந்த மாதிரி நாளில் யார் துணி துவைக்கிறார்கள்? கழுத்தறுப்பது மிஸ்ட்தான். காலை பத்து மணிக்குப் பளிச்சென்று வெயில் அடிக்கும், நம்பி மொட்டைமாடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் இரண்டு மணிக்குள் கீழே பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளையாக ஏறி வந்து கொடியோடு சேர்த்து மூடிவிடும், சாயங்காலம் எடுக்கும்போது போட்டதைவிட ஈரமாக இருக்கும். குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது. மிஸ்ட் என்றால் காற்று ஏற்கெனவே நிறைந்து வழிகிறது என்று அர்த்தம், என் சுடிதார் பேன்ட்டின் ஈரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. ஜீன்ஸ் போட்டால் கேட்கவே வேண்டாம். கால் பகுதி காய்ந்திருக்கும், இடுப்புப் பட்டையும் பாக்கெட் துணியும் மூன்றாம் நாளும் சில்லென்று இருக்கும், அப்புறம் அந்த முடை நாற்றம். அது வந்துவிட்டால் திரும்பத் துவைக்க வேண்டும், திரும்பக் காயவைக்க வேண்டும். ஒருமுறை காட்டெருமை கொம்பில் கொடியையே மாட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குள் போனது, அன்றைக்குக்கூட நான் இவ்வளவு கோபப்படவில்லை.

இதில் எனக்கு மட்டும் ஒரு தனி வேடிக்கை உண்டு. நான் டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். 80 சதவீதம் வரை ஈரம் இருக்கிற பச்சை இலை ஒரு பக்கம் உள்ளே போகிறது. ட்ரஃப் என்கிற நீளத் தொட்டியில் காற்று விட்டு வாட்டி, அரைத்து, நிறம் மாறவிட்டு, ட்ரையரில் போட்டு எடுத்தால் 3 சதவீதம் ஈரத்தோடு தூளாக மறுபக்கம் வருகிறது. பகல் முழுக்க ஈரத்தை விரட்டுகிற கட்டடத்துக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்து துப்பட்டாவைத் தொட்டுப் பார்த்தால் அது ஈரம். ட்ரையர் ஓரமாக ஒரு கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டும் பார்த்தேன். “ஏம்மா, தூள்ல சோப்பு வாசனை ஏறிச்சுன்னா ஏலத்துல எவன் எடுப்பான்?” என்று ஃபோர்மேன் சிரித்தார். நியாயம்தான், தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

வீட்டில் என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று. ரூம் ஹீட்டர் முன்னால் நாற்காலி போட்டு அதன் மேல் விரித்தால் ஒரு பக்கம் காய்ந்து மறு பக்கம் புழுங்குகிறது, கரன்ட் பில் தனி. காற்று மழைக்கு லைன் மேல் மரம் விழுந்தால் ஹீட்டரும் இல்லை, அயர்ன் பாக்ஸும் இல்லை. சில வீடுகளில் கரிக்கங்கை அறைக்குள் வைத்துத் துணி காயவைக்கிறார்கள், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், கதவை அடைத்துக்கொண்டு கங்கு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி மலையில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்தது அந்தப் பெட்டி. 33 போக மீதியை அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டிக் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்பது விதி. நான் டேப்பை எடுத்தபோதே கீழ் வீட்டு அக்கா தடுத்துவிட்டார். “பட்டுப் புடவையா? மழைக்காலம் முடிஞ்சு தொறந்து பாரு, காளான் பறிக்கலாம்” என்றார். இங்கே பூசணம் பிடிக்காதது என்று ஒன்றுமில்லை. தோல் செருப்பு, பெல்ட், கைப்பை எல்லாம் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்துவிடும். எனவே ஒதுக்கி வைத்ததையும் வெயில் கண்ட அன்றெல்லாம் வெளியே எடுத்து விரித்துத் தட்டி மடித்து வைக்கிறேன். கண்ணில் படக்கூடாது என்று எடுத்து வைத்த துணிகளை, பீரோவில் இருந்த காலத்தைவிட இப்போதுதான் அதிகமாகப் பார்க்கிறேன்.

இவ்வளவு திட்டியாயிற்று, நல்லதையும் சொல்ல வேண்டும் இல்லையா. கம்பளி. ஊட்டி திபெத்தியர் கடைத் தெருவில் பேரம் பேசி வாங்கிய ஸ்வெட்டர், லூதியானா சரக்குதான். முன்பெல்லாம் குவியலில் ஒன்றாகக் கிடந்தது. இந்தச் சவாலில் தினமும் போட வேண்டி வந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. கம்பளி நூல் தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டாலும் தொட்டால் ஈரம் தெரியாது, வியர்வை வாடையும் சட்டென்று ஏறாது. வாரக்கணக்கில் துவைக்காமல், வெயிலில் ஒரு மணி நேரம் உதறிப் போட்டே ஓட்டலாம். துவைக்காத துணிக்குக் காயவேண்டிய கவலை இல்லையே! பாலியஸ்டர் இதற்கு நேர் எதிர். தண்ணீரை உறிஞ்சாது, ராத்திரி ஃபேனுக்கடியில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும், ஆனால் இரண்டாம் நாளே அக்குளில் வாடை. காட்டன் உடம்புக்கு நல்லது என்று கோயம்புத்தூரில் வளர்ந்தவள் நான், இப்போது என் 33-இல் கனமான காட்டன் ஒன்றுகூட இல்லை. மெல்லிசு காட்டன் டாப், கலப்பு நூல் பேன்ட், ஒரு சில்க் காட்டன் புடவை. எதை எடுத்தாலும் முதலில் பிழிந்து பார்ப்பதுபோல் விரலால் கசக்கிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது, கடைக்காரர்கள் முறைக்கிறார்கள்.

அம்மா வீட்டுக்குப் போவது தனிப் பாடு. மேட்டுப்பாளையம் 325 மீட்டர், குன்னூரிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் இறக்கம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் மாறும் என்பதால் கீழே போய்ச் சேரும்போது பத்து டிகிரியாவது ஏறியிருக்கும். பர்லியாரில் ஜெர்கின் மடிக்கு வரும், கல்லாரில் ஸ்வெட்டர் பைக்குள் போகும். ஒரே 33 இரண்டு ஊருக்கும் பேச வேண்டும் என்பதால் அடுக்கடுக்காகப் போடுவதைத் தவிர வழியில்லை, அது நன்றாகவே வேலை செய்கிறது. அம்மாவுக்குத்தான் ஒப்பவில்லை. “ஏங்கண்ணு, பக்கத்துல திருப்பூரை வெச்சுக்கிட்டு நாலு துணிக்கு வழியில்லாத மாதிரி அதையே போட்டுட்டு வர்றே, பாக்கறவங்க என்னைத்தான் கேப்பாங்க” என்பார். போன கல்யாணத்தில் சித்தி நேராகவே “அதே புடவையா?” என்றார். அன்றைக்குக் கைகொடுத்தது எங்கள் நீலகிரித் தோடர் பழங்குடியினரின் எம்ப்ராய்டரி சால்வைதான். வெள்ளையில் சிவப்பும் கறுப்பும், 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே வேலைப்பாடு. அதைத் தோளில் போட்டதும் பேச்சு புடவையிலிருந்து சால்வைக்குத் தாவி, எங்கே கிடைக்கும், என்ன விலை என்று போய்விட்டது. விலையைச் சொன்னதும் சித்தி அமைதியானார்.

காலை நேரம் மிச்சம் என்று எல்லோரும் எழுதுவார்கள், உண்மைதான். பீரோ முன் நின்று யோசிப்பது அடியோடு போய்விட்டது, ஏனென்றால் காய்ந்திருப்பது எதுவோ அதுதான் அன்றைய உடை. ஆபீஸில் யாரும் கண்டுகொள்ளவும் இல்லை. ஆள் மாறாமல் துணி மட்டும் சுற்றி வருவதை மூன்றாம் மாதம் நானாகச் சொன்ன பிறகுதான் கவனித்தார்கள், அதுவும் ‘அப்படியா’ என்பதோடு சரி.

எனக்குப் புரிந்தவரை இந்த எண்ணிக்கையை பீரோவைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, கொடியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு துணி துவைத்துக் காய்ந்து மடிப்புக்கு வர எத்தனை நாளோ, அத்தனை நாளுக்குத் தாங்குகிற மாதிரி இருந்தால்தான் குறைவு என்பது நிம்மதி. தை, மாசியில் எங்களுக்கு 25 போதும், பனி இருந்தாலும் பகல் வெயில் நன்றாக உறைக்கும், மூன்று மணிக்குள் எடுத்துவிட்டால் எல்லாம் மொறுமொறுவென்று இருக்கும். ஐப்பசியில் 33 பத்தாது, 45 வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உருப்படிகளை மாற்றிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது, எண்ணிக்கையை மாற்ற இடம் கொடுக்கவில்லை. அங்கேதான் எனக்கும் அதற்கும் தகராறு.

சென்னையிலிருந்து கூடப் படித்தவள் கேட்டாள், “நானும் ஆரம்பிக்கட்டுமாடி?” என்று. அவள் ஊரில் இரண்டு மணி நேரத்தில் துணி காய்கிறது. 33-கூட வேண்டாம், 20-இல் ராணி மாதிரி இருக்கலாம். நியாயமாகப் பார்த்தால் கண்டிப்பாகச் செய் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம், விடு என்று சொல்லிவிட்டேன். இப்போதே மே மாதம் ஸ்வெட்டர் எடுக்காமல் மலையேறி வந்து என் ஜெர்கினைத்தான் போட்டுக்கொண்டு சிம்ஸ் பார்க்கில் போட்டோ எடுத்துக்கொள்கிறாள், இருப்பதையும் குறைத்துவிட்டு வந்தால் என் கதி என்ன?

மலையில் இருக்கிறவர்களுக்கும் நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் இன்றைக்கு இருக்கிற கடுப்பில் இரண்டு. நான் விடப்போகிறேனா என்றால் இல்லை, அடுத்த மூன்று மாதத்துக்கான உருப்படிகளை எடுத்து வைத்தாயிற்று. இரண்டாவது ஜெர்கின் வாங்குவதாக இல்லை. அந்தக் காசோடு கொஞ்சம் போட்டுப் பழைய ஸ்பின்னர் ஒன்று, துணியைச் சுற்றிப் பிழிகிற தனி மெஷின், விலைக்கு வருகிறது என்று டைலர் அண்ணன் சொன்னார். ஐப்பசிக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அது துணி இல்லை, கணக்கில் வராது.