ஃபைட்டர் மீன்: கடையில் பார்த்த நிறமும் வீட்டில் வளர்ந்த நிறமும்

ஃபைட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை, அடுத்துக் கேட்பது அளவை. மதுரை திருநகர் வீட்டில் சில வருடங்களாகப் பல வகை வளர்த்துவிட்டேன். இந்த இரண்டில் எதை நம்பி வாங்கலாம், எதை நம்பக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

கோய் என்ற வகையில் இருந்து தொடங்குகிறேன், இப்போது அதிகம் விற்பது அதுதான். வெள்ளை உடம்பில் ஆரஞ்சும் கறுப்பும் திட்டுத் திட்டாக இருக்கும். நான் தீபாவளி சமயத்தில் வாங்கிய கோய் பிளகாட் (பிளகாட் என்றால் குட்டை வால் ரகம்), அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் முக்கால்வாசி கருநீலமாகிவிட்டது. நோய் எதுவும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டது, ஜாடி மூடியைத் திறந்தாலே மேலே வந்து நிற்கும். காரணம் மார்பிள் மரபணு. இடம் விட்டு இடம் தாவும் மரபணு என்று இதை விளக்குகிறார்கள். அது இருக்கும் மீனில் நிறம் எந்த வயதிலும் கூடலாம், மறையலாம். கேலக்ஸி, கேண்டி, நீமோ என்று விற்பவற்றிலும் பெரும்பாலும் இதே கதைதான். ஆகவே ஒரு குறிப்பிட்ட திட்டுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். மாறுவதை வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் என்றால் மட்டும் வாங்கலாம். எனக்கு இரண்டாவது கோய் வாங்கும்போது அதுதான் காரணமாக இருந்தது.

ஒரே நிறமாக வரும் நீலம், சிவப்பு இரண்டும் இவ்வளவு படுத்தாது. ஆனால் குஞ்சு பொரிக்க வைத்தால் நீலம் ஆட்டம் காட்டும். நண்பர் ஒருவர் ராயல் ப்ளூ ஜோடி விட்டு, வளர்ந்த குஞ்சுகளை அக்கம்பக்கத்தில் கொடுத்தார். "என்னண்ணே, ப்ளூன்னு சொல்லிட்டுப் பச்சையக் குடுத்துட்டீங்க" என்று ஒரு பையன் திரும்பி வந்து நின்றான். ஏமாற்று எதுவும் இல்லை. ராயல் ப்ளூவுக்கு ராயல் ப்ளூ சேர்த்தால் சராசரியாகப் பாதிதான் ராயல் ப்ளூ. கால் பங்கு பச்சை கலந்த டர்க்காய்ஸ், கால் பங்கு சாம்பல் ஓடிய ஸ்டீல் ப்ளூ. எல்லாமே ராயல் ப்ளூவாக வேண்டும் என்றால் டர்க்காய்ஸையும் ஸ்டீலையும் ஜோடி சேர்க்க வேண்டும். 2022-ல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வும், இந்த மீனின் நிறத்தையும் துடுப்பின் வடிவத்தையும் பெரிதாக மாற்றும் மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாமல் இருப்பதாகக் காட்டியது. எந்த நிறத்தை எந்த வாலோடு வேண்டுமானாலும் சேர்த்து இத்தனை ரகம் உருவாக்க முடிந்தது அதனால்தான்.

சிவப்பு ஓரளவு தீனியையும் பொறுத்தது. சிவப்புக்கு உதவும் கரோட்டினாய்டு என்ற நிறமியை மீன் தானாக உண்டாக்கிக்கொள்ளாது, உணவில் இருந்துதான் வர வேண்டும். ஆர்டிமியாவும் (பொடி இறால் போன்ற உயிர்த் தீனி) தரமான குருணைத் தீனியும் கொடுத்த காலத்தில் என் சிவப்பு ஹாஃப்மூன் (அரை நிலா போல வால் விரியும் ரகம்) நன்றாகவே இருந்தது. கொசுப்புழு இன்னும் நல்லதுதான், ஆனால் அதற்காக மாடியில் தண்ணீரைத் திறந்து வைத்தால் டெங்கு சோதனைக்கு வருகிறவர்கள் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள், அதில் அவர்கள் மேல் தப்பும் இல்லை.

சரி, அளவு. வால் நீளத்தைச் சேர்த்துப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹாஃப்மூன் பெரிதாகத் தெரிவதற்கு 180 டிகிரி விரியும் வால்தான் காரணம், உடம்பு சாதாரண அளவுதான். வாயில் இருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்தால் சாதாரண ஃபைட்டர் 5 செ.மீ. சுமாருக்கு வரும். ஜயண்ட் என்று விற்கும் பெரிய ரகம் 7 செ.மீ.யைத் தாண்ட வேண்டும். குஞ்சாக இருக்கும்போது ஜயண்ட் என்று விற்றால் பார்த்துச் சொல்லவே முடியாது. தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள். நான் ஜயண்ட் என்று வாங்கிய ஒன்று வளரவே இல்லை. அதே கடையில் இருந்து அடுத்து வாங்கியது உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. வளரும் பருவத்தில் சின்ன ஜாடியில் தண்ணீர் மாற்றாமல் கிடந்த மீன், பிறகு பெரிய தொட்டியில் விட்டாலும் விட்ட வளர்ச்சியை முழுதாகப் பிடிப்பதில்லை. ஜயண்டுக்கு 20 லிட்டராவது வேண்டும் என்பது என் கணக்கு.

மதுரை வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மீனுக்குத் தோதானது 26, 27 டிகிரி. சித்திரை, வைகாசியில் எங்கள் ஹாலில் தண்ணீர் 30-ஐச் சாதாரணமாகத் தாண்டும். அப்போது மீன் துறுதுறுவென்று இருக்கும், பசியும் அதிகம், ஆனால் சூட்டில் வேகமாக வளர்வது வேகமாக மூப்படையவும் செய்யும். ஜாடியை ஓட்டு வீட்டின் மேல் மாடியிலோ ஜன்னல் வெயிலிலோ வைக்காமல் தரையோரம் வைத்தாலே வித்தியாசம் தெரியும். போர் தண்ணீர் உப்பு ஜாதி. கண்ணாடியில் வெள்ளைக் கறை படியும், மீனுக்குப் பெரிய கெடுதல் தெரியவில்லை. காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். அதில் நீலம் அழகு, வெள்ளை மீன் அழுக்காகத் தெரியும்.

டிராகன் வகையை இனி வாங்க மாட்டேன். அந்தத் தடித்த வெள்ளிச் செதில் சிலவற்றுக்கு வயதாக ஆகக் கண்ணையும் மூடிவிடுகிறது. என்னிடம் இருந்தது கடைசிக் காலத்தில் தீனியை மூக்குக்கு நேரே போட்டால்தான் கண்டுபிடிக்கும். இப்போது கேட்டால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது சாதாரண அளவு ராயல் ப்ளூ பிளகாட். வால் சின்னது, நீந்தக் கஷ்டப்படாது, கிழிந்து தொங்காது, விலையும் கோய் மீன் விலையில் பாதிகூட இருக்காது.