ரக்பி லீக்: டேக்கிள் உயரமா, கட்டாய ஓய்வா?

தலைக்காயத்தைக் குறைக்க எந்த விதி முதலில் வேண்டும்? இரண்டு வழிகள் முன்னே நிற்கின்றன. டேக்கிள் என்பது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது. தோள் வரை இருந்த டேக்கிள் எல்லையை அக்குள் அளவுக்கு இறக்க, இங்கிலாந்தில் ஆட்டத்தை நிர்வகிக்கும் ரக்பி ஃபுட்பால் லீக் 2023 டிசம்பரில் முடிவெடுத்தது. ஆஸ்திரேலியாவின் தொழில்முறை ரக்பி லீக் தொடரான என்ஆர்எல் அதே ஆண்டில், மூளையதிர்ச்சி அடைந்தவருக்குக் குறைந்தது 11 நாள் ஓய்வு என்றது, சில விலக்குகளோடு.

எதைத் தடுக்கும்?
உயரம்: தலையோடு தலை மோதுவதை. ஆனால் குனிந்து பாய்பவரின் தலை, எதிராளியின் இடுப்பிலோ முழங்காலிலோ இடிக்கலாம். அடிபடுபவர் பெரும்பாலும் டேக்கிள் செய்பவர்தான்.
ஓய்வு: முதல் அடியைத் தடுக்காது. மூளை தேறுமுன் விழும் இரண்டாவது அடியைத் தடுக்கும். ஆபத்து அதில்தான் அதிகம்.

நடைமுறை?
உயரம்: புள்ளி எடுக்கும் கோட்டருகே, பந்தை வைத்திருப்பவர் சட்டென்று தாழ்ந்தால் நடுவர் கணப்பொழுதில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். பழகப் பல மாதங்கள் பிடிக்கும்.
ஓய்வு: நாள்காட்டி போதும். ஆனால் காயத்தை மறைக்கத் தூண்டும், அதனால் அணி சாராத மருத்துவர் அவசியம்.

சிறுவர் அணி என்றால் உயரத்தைக் குறையுங்கள். பழக்கம் படிகிற வயது அது. முழுநேர அணிக்கு ஓய்வு விதிதான் முதலில், அதுவும் விலக்கே இல்லாமல்.