வெப்லியா, ஸ்மித்தா? உப்புக் காற்றில் இரண்டு கிழட்டு ரிவால்வர்கள்

ராயபுரத்தில் ஒரு பழைய மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் காசிமேட்டு மீன் வாசனையும் கடல் காற்றும் ஒன்றாக உள்ளே வரும். அந்த வீட்டுப் பெரியவரிடம் ஒரு வெப்லி மார்க் 6 இருக்கிறது. பெரம்பூரில் இருக்கும் அவர் தம்பியிடம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். இரண்டுமே 455 போர் (bore, அதாவது குழாய்த் துளையின் அளவு), இரண்டுமே முதல் உலகப் போர்க் காலத்தவை. ராணுவ டாக்டராக மெசபடோமியா வரை போய் வந்த தாத்தாவிடமிருந்து வந்த சொத்து. வெப்லி அவர் தன் காசில் வாங்கியது. ஸ்மித், கூட வேலை பார்த்த வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குக் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனதாம்.

நான் பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடையாது, வாங்கும் ஆசையும் இல்லை. ஆனால் இரும்பு தெரியும், துரு தெரியும். அதனால் வருடத்துக்கு மூன்று நாலு முறை இரண்டு வீட்டிலிருந்தும் கூப்பிடுவார்கள். லைசென்ஸ்காரர் எதிரே உட்கார்ந்திருந்தால்தான் நான் கை வைப்பேன். அதுவும் சுத்தம் செய்து எண்ணெய் போடுவதோடு சரி. ரிப்பேர் என்றால் அதற்கென்று லைசென்ஸ் உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

இருபது வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றித் துடைத்துவிட்டு இப்போது சொல்கிறேன்: பார்க்க, பிடிக்க ஸ்மித் ஒரு படி மேல். வைத்துக் காப்பாற்ற வெப்லிதான். இதைச் சொன்னால் தம்பிக்காரருக்குக் கோபம் வரும்.

இரண்டும் ஒரே தோட்டாவைப் போடுவது தற்செயல் இல்லை. பிரிட்டிஷ் ராணுவம் வெப்லி மார்க் 6-ஐ ஏற்றுக்கொண்டது 1915 மே 24. அதற்கு ஏறக்குறைய எட்டு மாதம் முன்பு, 1914 செப்டம்பர் 22 இரவில்தான் எம்டன் கப்பல் வந்து நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அந்த வெளிச்சத்தை இதே மாடியிலிருந்து பார்த்ததாகப் பெரியவரின் பாட்டி சொல்வாராம். போர் பெரிதாகப் பெரிதாக வெப்லி கம்பெனியால் கேட்ட அளவுக்குச் செய்து கொடுக்க முடியவில்லை. அமெரிக்காவில் கோல்ட்டிடமும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிடமும் அதே 455 தோட்டாவுக்குப் பொருந்துகிற மாதிரி செய்யச் சொல்லி வாங்கினார்கள். ஸ்மித்திடமிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது. முதலில் போனது 1908-ல் வந்த, மூன்று இடத்தில் பூட்டிக்கொள்ளும் மாடல். அழகான வேலை. ஆனால் வெற்றுத் தோட்டாவைத் தள்ளும் கம்பிக்கு பேரலுக்கு அடியில் ஒரு உறை வைத்திருந்தார்கள். பதுங்குகுழிச் சேறு அதற்குள் அடைத்துக்கொள்ளும் என்று ராணுவம் முகம் சுளித்தது. 1915-ல் அந்த உறையையும் மூன்றாவது பூட்டையும் எடுத்துவிட்டு இரண்டாம் மாடல் வந்தது. தம்பி வீட்டில் இருப்பது அதுதான். இந்தச் சேற்றுக் கதையைப் பின்னால் மறுபடி இழுக்கப் போகிறேன்.

திறக்கும் விதத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. வெப்லியில் இடப்பக்கம் இருக்கும் கொண்டியைக் கட்டைவிரலால் அழுத்தினால் துப்பாக்கி நடுவில் மடங்கும். பேரலும், தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டரும் முன்பக்கமாகச் சாயும்போது நட்சத்திர வடிவத் தகடு ஒன்று தானாக எழும்பி ஆறு தோட்டாவையும் ஒரே தள்ளாக வெளியே தள்ளும். ஸ்மித்தில் சட்டம் (ஃபிரேம்) ஒரே துண்டு. இடப்பக்கக் கட்டையை முன்னால் தள்ளினால் சிலிண்டர் மட்டும் பக்கவாட்டில் வெளியே வரும், கம்பியை நாம் அழுத்த வேண்டும். எது உறுதி என்றால் ஸ்மித்தான், மறுக்க முடியாது. மடங்குகிற எதற்கும் கீல் உண்டு, கீல் இருந்தால் தேய்மானம் உண்டு. பழைய வெப்லியைக் கையில் வாங்கினால் நான் முதலில் பேரலைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்ப்பேன். கொண்டியில் ஆட்டம் தெரிந்தால் அது அலமாரிக்கு மட்டுமே. பெரியவருடையதில் ஆட்டம் இல்லை. ஸ்மித்தில் பார்க்க வேண்டியது வேறு: சிலிண்டர் முன்னும் பின்னும் எவ்வளவு நகர்கிறது, அந்தத் தள்ளு கம்பி வளைந்திருக்கிறதா என்று. உறையை எடுத்துவிட்டதால் கம்பி இப்போது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு தடவை கீழே விழுந்தால் போதும். சினிமாவில் மணிக்கட்டை வெடுக்கென்று ஆட்டி சிலிண்டரை மூடுவார்களே, அதைத் தம்பியின் பேரன் ஒருநாள் செய்து பார்த்தான். அன்றைக்கு அந்தப் பையன் என்னிடம் வாங்கிய திட்டு தெருவுக்கே கேட்டது. சிலிண்டரைத் தாங்கும் கை வளைந்துபோகும்.

சரி, சுத்தம் செய்வதற்கு வருவோம். எனக்கு முக்கியமானது இதுதான்.

தோட்டாவெல்லாம் வேறு அறையில் பூட்டி வைத்த பிறகுதான் துப்பாக்கி மேஜைக்கு வர வேண்டும். சிலிண்டரில் தோட்டா உட்காரும் ஆறு அறையையும் நான் ஒரு தடவை பார்ப்பேன், லைசென்ஸ்காரர் ஒரு தடவை பார்ப்பார்.

வெப்லியை மடக்கினால் பேரலின் பின்பக்கம் அப்படியே திறந்து கிடக்கும். கம்பியும் பிரஷ்ஷும் பின்னாலிருந்து போய் முன்னால் வெளியே வரும். தோட்டா போகிற அதே வழி. ஸ்மித்தில் பின்னால் சட்டம் மறிக்கிறது. கம்பியை வாய்ப் பக்கத்திலிருந்துதான் விட வேண்டும். பேரல் வாயின் விளிம்பு சின்ன விஷயம் இல்லை. தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போவது அதைத்தான். நூறு வருடமாக எஃகுக் கம்பி உரசி உரசி அந்த விளிம்பு தேய்ந்துபோன ரிவால்வர்கள் உண்டு. தம்பி வீட்டில் இருந்த பழைய இரும்புக் கம்பியை நான் முதல் வேலையாகத் தூக்கிப்போடச் சொன்னேன். பித்தளைக் கம்பி, நைலான் பிரஷ், பொறுமை. அல்லது ஒரு நூல் கயிற்றில் துணியைக் கட்டிப் பின்னாலிருந்து இழுத்துவிடலாம்.

சிலிண்டரை எடுப்பதிலும் அப்படித்தான். வெப்லியில் இடப்பக்கம் ஒரே ஒரு அகலமான ஸ்க்ரூ. அதைக் கொஞ்சம் தளர்த்திப் பக்கத்துத் தகட்டைத் தள்ளினால் சிலிண்டர் கையோடு வரும். பத்து வினாடி. ஸ்மித்தில் பக்கத் தட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களில் முன்னால் இருப்பதைக் கழற்றினால்தான் சிலிண்டர் வரும். அந்த ஸ்க்ரூ மற்றதோடு மாறிவிடக்கூடாது. டிரைவர் முனை காடிக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் காடி உரிந்துவிடும். ஸ்க்ரூ காடி உரிந்த பழைய ஸ்மித்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வீட்டு டிரைவரால் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தட்டையே கழற்ற வேண்டி வந்தால் நெம்பவே கூடாது. ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு மரப்பிடியால் கைப்பிடிச் சட்டத்தில் மெல்லத் தட்டினால் அது தானாக எழும்பும்.

அந்தத் தட்டுக்கு உள்ளேதான் ஸ்மித்தின் மானம் போனது. ஒரு தேர்தல் சமயம். நடத்தை விதி வந்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். இரண்டும் ஒன்றாகப் போய், இரண்டு மாதத்துக்கு மேல் கழித்து ஒன்றாகத் திரும்பி வந்தன. வைத்திருந்த இடத்தில் ஈரம் போலிருக்கிறது. வெப்லியில் துரு வந்ததெல்லாம் வெளியே, கண்ணுக்குத் தெரிந்த இடத்தில். அன்று மாலையே எண்ணெயும் மெல்லிய ஸ்டீல் உல்லும் வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டேன். ஸ்மித் வெளியே பளபளவென்று இருந்தது. பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் பெட்டியில் வைத்துவிட்டோம். நாலு மாதம் கழித்து ட்ரிக்கர் கரகரக்கிறது என்று தம்பி கூப்பிட்டார். தட்டைத் திறந்தால் உள்ளே செம்மண் பூசினமாதிரி. அன்று ராணுவம் பயந்தது உறைக்குள் சேறு அடைவதை; இங்கே இறுக்கமாக மூடிய தட்டு, உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடவில்லை.

பெரியவரிடமும் ஒரு தவறு உண்டு, அதை மறைக்கக்கூடாது. இளம் வயதில் தாத்தா விட்டுப்போன பழைய தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்துவிட்டு எண்ணெய் மட்டும் போட்டு வைத்துவிட்டார். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் பிரைமரில், அதாவது ஊசி தட்டினால் தீப்பிடிக்கும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிப் பேரலுக்குள் படியும். அது ஒரு உப்பு. ராயபுரத்துக் காற்றில் இருக்கும் உப்பு போதாதென்று உள்ளேயே ஒரு உப்பு. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அந்தக் காலச் சிப்பாய்கள் பேரலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவி, சூட்டிலேயே காயவிட்டு, அப்புறம் எண்ணெய். பெரியவரின் வெப்லியில் இரண்டு அறைகளுக்குள் இன்றும் புள்ளி புள்ளியாகக் குழி இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். குழி போகாது, அறைதான் பெரிதாகும்.

எண்ணெயில் ஆளுக்கொரு கொள்கை. பெரியவர் வீட்டு அம்மா தேங்காய் எண்ணெயைத்தான் நம்புவார். அது மார்கழியில் உறையும், கோடையில் சிக்கு வாடை அடிக்கும், கடைசியில் பிசினாகிப் பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். தலைக்கு மட்டும் போதும். தையல் மெஷின் எண்ணெய் நல்லதுதான், ஆனால் மெல்லியது. பெரம்பூரில் அது ஒரு மாதம் தாங்கினால் காசிமேட்டுக் காற்றில் பத்து நாள். டபிள்யூ டி 40 ஈரத்தை விரட்டும், அதைப் பூசிவிட்டு மாதக்கணக்கில் நிம்மதியாகத் தூங்க முடியாது. நான் செய்வது: முதலில் அதை அடித்து ஈரத்தைத் துரத்துவேன், பனியன் வேஸ்ட்டால் துடைப்பேன், உள்பாகங்களுக்குக் கொஞ்சம் கெட்டியான மினரல் எண்ணெய் ஒரு சொட்டு, வெளியே மெழுகுப் பூச்சு. மெழுகு பூசியதிலிருந்து வெப்லியின் வெளிப்பக்கத்தில் விரல் ரேகைத் துருகூட வரவில்லை. தோல் உறைக்குள் வைப்பதை இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனம் இரும்பைத் தின்னும்.

பித்தளை பாலிஷ் போட்டுப் பளபளக்க வைக்கலாமே என்று ஒரு உறவினர் யோசனை சொன்னார். அந்தக் கறுநீலம் அழுக்கு இல்லை, பூச்சு. அது போனால் போனதுதான். அதோடு துப்பாக்கியில் இருக்கும் முத்திரைகளும் எண்களும் மங்கும். ஃபிரேமில் இருக்கும் எண்தான் லைசென்ஸில் எழுதியிருப்பது. அதை அழித்து வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம்.

ரசிக்கிற விஷயத்தில் மட்டும் நான் தம்பி பக்கம். ஸ்மித்தின் ஹேமரைப் பின்னால் இழுத்துவிட்டு ட்ரிக்கரைத் தொட்டால், எப்போது விடுபட்டது என்றே தெரியாத வழவழப்பு. வால்நட் கைப்பிடியில் நடுவே அந்தச் சின்ன வைரக் கட்டம். ஆறரை அங்குலப் பேரலின் கோடு எங்கும் உடையாமல் ஓடுகிறது. வெப்லியோ ஒரு கிலோவுக்கு மேல் கனம், கறுப்பு வல்கனைட் (கெட்டி ரப்பர்) பிடி, பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் கொண்டி. எங்கள் ஒர்க்ஷாப்பில் இருந்த பழைய பைப் ரெஞ்சுக்குத் தூரத்து உறவு மாதிரி இருக்கும். தோட்டா இல்லாமல் வெறுமனே ட்ரிக்கரை இழுத்து ரசிப்பதை மட்டும் இரண்டிலும் தவிர்க்கச் சொல்வேன். இரண்டுக்கும் தோட்டாவைத் தட்டும் ஊசி ஹேமரிலேயே இருக்கிறது, உடைந்தால் மாற்று கிடைக்காது. டம்மி தோட்டா போட்டுக்கொண்டு இழுக்கலாம்.

புதிதாக ஆசைப்படுகிறவர்களுக்கு: 455 என்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்ட துளை அளவு. 380, 455 தோட்டாக்களைப் போடக்கூடிய ரிவால்வர் எதுவானாலும் சென்னை கமிஷனர் அலுவலகத்தோடு வேலை முடியாது, டெல்லி வரை போக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது, பரம்பரைச் சொத்தானாலும் கணக்கு அதுதான். எழுபது வயது ஆனவர், அல்லது இருபத்தைந்து வருடம் வைத்திருந்தவர், வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம் என்று 2016 விதிகள் சொல்கின்றன. பெரியவர் மகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். தோட்டா கிடைப்பது குதிரைக் கொம்பு. இரண்டு பேருமே சுட்டுப் பல வருடம் ஆகிறது.

போன மாதம் தம்பி ஒரு புதுச் செய்தி சொன்னார். பெரம்பூர் வீட்டை விட்டுவிட்டுத் திருவொற்றியூரில் கடலைப் பார்த்த மாதிரி இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறாராம். "பால்கனியில நின்னா அலை தெரியும்பா" என்றார் பெருமையாக. "ஸ்மித்துக்கும் தெரியுமேண்ணே" என்றேன். சிரித்துவிட்டு, அப்போ அண்ணனோட வெப்லியை நான் வாங்கிக்கிட்டு ஸ்மித்தை அவர்கிட்ட குடுத்துடவா என்று கேட்டார். ராயபுரத்தில் மட்டும் கடல் இல்லையா என்ன, அதுவும் இல்லாமல் அந்த மாற்றத்துக்கு மறுபடி டெல்லி ஓட வேண்டும் என்றேன். முதலில் லைசென்ஸில் முகவரியை மாற்றச் சொல்லியிருக்கிறேன். அப்புறம் காடிக்குச் சரியாக உட்காரும் ஒரு டிரைவர் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் அந்தத் தட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறக்க வேண்டியிருக்கும்.